பல்லி வாய் திறக்காத வைகாசி

ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் தன் எல்லைக்குள் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழுவை அமைத்தல் வேண்டும். அந்தக் குழு அங்குள்ள மரம் செடி கொடிகளையும் விலங்குகளையும் பூச்சிகளையும் காக்க வேண்டும். அவற்றைப் பற்றி ஊர்மக்கள் அறிந்ததைப் பதிவு செய்ய வேண்டும். இது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். 'செய்யலாம்' என்று அதில் இல்லை, 'வேண்டும்' என்றே இருக்கிறது. 'லாம்' போட்ட கோப்புக்கும் 'வேண்டும்' போட்ட கோப்புக்கும் ஒரே அலமாரியில்தான் இடம் என்பது வேறு விஷயம்.

எனக்கு இந்தச் சட்டம் ஞாபகம் வந்தபோது, எங்கள் ஊர் அய்யனார் கோயிலின் புது மண்டபத்தில், கிரானைட் தரையில், மடங்காத முழங்காலை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்கும் நேரம். என்னைச் சுற்றி ஊரில் பாதிப் பேர் இருந்தார்கள். யாரும் பேசவில்லை. ஒரு பல்லி வாய் திறப்பதற்காகக் காத்திருந்தோம்.

உத்தரவு

கந்தர்வக்கோட்டைக்கும் கறம்பக்குடிக்கும் நடுவே பேருந்து நிற்காமல் போகும் ஊர்களில் ஒன்று எங்களுடையது. இங்கே புரவி எடுப்பது என்றால் சும்மா இல்லை. சுட்டமண் குதிரைகளைச் செய்து, ஊர்வலமாகத் தூக்கிப் போய் அய்யனார் முன்னால் நிறுத்த வேண்டும். அதற்கு முதலில் அய்யனாரிடம் உத்தரவு கேட்க வேண்டும்.

பூசாரி கோரிக்கையை உரக்கச் சொல்வார். பிறகு எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். திரி எரிந்து முடிவதற்குள் பல்லி சொன்னால் உத்தரவு ஆயிற்று. சொல்லாவிட்டால் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டு அடுத்த வெள்ளி வர வேண்டும். கோயிலைச் சுற்றியுள்ள காட்டிலிருந்து ஒரு சுள்ளி ஒடிக்கவும் இதே விதிதான்.

வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். தடையில்லாச் சான்றுகள் நிறையப் பார்த்திருக்கிறேன், சில கொடுத்தும் இருக்கிறேன். விண்ணப்பதாரர் யார், யாருக்கு வேண்டியவர் என்று விசாரிக்காமல் முடிவு சொல்லும் அதிகாரி என்று பார்த்தால், எனக்குத் தெரிந்து இந்தப் பல்லி ஒன்றுதான்.

அந்த வைகாசியில் வைக்கப்பட்ட கோரிக்கை இது: மீதிக் காட்டையும் சுத்தம் செய்து, புரவி எடுக்க உத்தரவு வேண்டும். ஒரே மனுவில் இரண்டு கோரிக்கைகள். அலுவலகமாக இருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன். இங்கே சும்மா இருந்தேன். பல்லி சொல்லிவிட்டால் மீதிக் காடு போய்விடும். அது வாயை மூடிக்கொண்டிருந்தவரைக்கும் எனக்குச் சம்மதம்தான்.

இதர

காடு என்றதும் வாசகர்கள் புலி, யானை என்று போய்விட வேண்டாம். ஒரு கண்மாய்க் கரையை ஒட்டிய சில ஏக்கர். உலக்கைப்பாலை, வீரை, காசான், குருந்து, அவற்றின் மேல் ஏறிப் பின்னிய கொடிகள். உள்ளே போனால் வைகாசியிலும் முதுகு குளிரும். பூத்த நேரத்தில் காசான் மரம் நீலமாய் இருக்கும், தேனீ இரைச்சல் ரோட்டுக்குக் கேட்கும்.

இந்த மரங்களை நான் ஒருமுறை காகிதத்தில் தேடியிருக்கிறேன். சில வாரங்களுக்கு முன் இந்தப் பத்தியில் ஜமாபந்தி என்ற வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை பற்றி எழுதியிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதில் மரக் கணக்கை ஒத்துப்பார்க்க என்னை உட்கார வைத்தார்கள். புளி, பனை, தென்னை, இலுப்பை எல்லாம் பேரோடு இருந்தன. அரசாங்க நிலத்தில் நிற்கும் ஒரு புளியமரத்தின் பழத்தை அனுபவிக்கத் தனிப் பட்டாவே உண்டு. ஆனால் எங்கள் அய்யனார் காட்டுக்கு நேராக ஒரே சொல் இருந்தது: 'இதர'.

வருமானம் தராத உயிர் எல்லாம் இதர. அன்றைக்கு எனக்கு அது தப்பாகப் படவில்லை, வசதியாகப் பட்டது. ஒரு சொல்லில் ஒரு காட்டை முடித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

பெரும்புயல் வந்த வருஷம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் தென்னைகள் எல்லாம் ஒரே திசையில் தலை வைத்துப் படுத்தன. முந்திரித் தோப்புகள் வேரோடு புரண்டன. அய்யனார் காட்டில் கிளைகள் முறிந்தன, மரம் சாயவில்லை. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன. அதன் நிழலில் ஒண்டியிருந்த என் மனைவி மீனாட்சியின் முந்திரிக் கொல்லையும் தப்பியது. இதர மரங்கள் செய்த அந்த உபகாரம் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

கிரானைட்

பாதிக் காடு போனதற்குக் காரணம் பகை இல்லை, பேராசையும் இல்லை. பக்தி.

என் பங்காளி நாகப்பன் வளைகுடாவில் பல வருஷம் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவன். எனக்குத் தம்பி முறை. நல்லவன். வாய் ஓயாதவன். அங்கே ஒரு முறை இவர்கள் தங்கியிருந்த அறைகளை இடிப்பதற்கு இவர்களிடமே சம்மதக் கையெழுத்து வாங்கி, பெட்டியோடு வெயிலில் நிறுத்திவிட்டார்களாம். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாமலே போட்ட கையெழுத்து. அந்தக் கதையைக் கல்யாண வீட்டிலும் சொல்வான், கருமாதி வீட்டிலும் சொல்வான்.

திரும்பி வந்தவனைக் கோயில் கமிட்டிக்குத் தலைவராக்கினார்கள். அவன் மகன் செந்திலுக்கும் வளைகுடாவில்தான் வேலை. சாரத்திலிருந்து விழுந்து, நடப்பானா என்று சந்தேகமாகி, நடந்துவிட்டான். அதற்காக அய்யனாருக்கு ஒரு குதிரை நேர்ந்திருந்தான் நாகப்பன். சாமி இவ்வளவு செய்திருக்கிறது, அதைப் புதருக்குள் வைத்திருக்கலாமா என்பது அவன் கேள்வி.

புரட்டாசியில் சீமைக்கருவேலம் அழிக்கிறோம் என்று ஜேசிபி வந்தது. வீரைக்கும் கருவேலத்துக்கும் அந்த எந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது. கருவேலம் களை, அதற்கு எதற்கு உத்தரவு என்று யாரும் சாமியைக் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் பாதிக் காடு மைதானமாயிற்று. கோயிலின் பழைய ஓட்டுக் கொட்டகையைப் பிரித்துவிட்டு மண்டபம் கட்டினார்கள். தரைக்கு கிரானைட், சுவருக்கு எண்ணெய் வர்ணம். அங்கே பல்லி எச்சம் விழுகிறது, கரையான் வருகிறது என்று திருச்சியிலிருந்து ஆள் வரவழைத்து மாதா மாதம் மருந்து அடித்தார்கள். மண்டபம் ஆஸ்பத்திரி மாதிரி மணத்தது.

பிறகு வைகாசியில், அதே மண்டபத்தில் உட்கார்ந்து, பல்லியிடம் உத்தரவு கேட்டார்கள்.

மனு

இதற்கிடையில் நான் செய்தது என்ன? எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். மனு எழுதினேன்.

மனு எழுதுவதில் ஒரு நுட்பம் உண்டு. பிரயோஜனம் சொல்ல வேண்டும். ஆகவே எழுதினேன்: கண்மாய்க் கரை அரிக்காமல் இருக்கிறது. மழைத் தண்ணீர் இறங்குகிறது. புயலைத் தடுத்தது. நாட்டு மருந்துக்கு வேர் கிடைக்கிறது. முந்திரிப் பூவுக்கு வரும் தேனீக்கு அங்கேதான் வீடு. பாதிக் காடு போனபின் வந்த தையில் மீனாட்சியின் மரங்கள் வழக்கம்போல் பூத்தன. ஆனால் வழக்கமான அளவு காய் பிடிக்கவில்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மனுவில் மட்டும் 'கருதப்படுகிறது' என்று போட்டேன்.

மீனாட்சி முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டே படிக்கச் சொல்லிக் கேட்டாள். அவள் பிறந்த வீட்டுச் சீதனம் அந்தக் கொல்லை. முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"எல்லாம் சரிங்க. அது பாட்டுக்கு இருக்குது. வெட்டப் போறவங்கதானே காரணம் சொல்லணும்? இருக்கிறது ஏன் சொல்லணும்?"

அப்படி எழுத முடியாது, அலுவலகத்தில் ஏற்க மாட்டார்கள் என்றேன்.

"நீங்க ரிட்டயர்டு ஆகி இத்தனை வருசம் ஆச்சு. என்ன பிரயோஜனம்னு ஒங்களை யாராச்சும் கேட்டாங்களா? மாசா மாசம் பென்ஷன் வருதுல்ல?"

அவள் சொன்னதுதான் மனுவின் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். நான் அதை எழுதவில்லை. அதற்கு எந்த விதியை மேற்கோள் காட்டுவது? பிரயோஜனம் இருப்பதால் ஒன்றை விட்டுவை என்றால், பிரயோஜனம் தீர்ந்த நாளில் வெட்டலாம் என்று நானே எழுதிக் கொடுத்தது போலத்தான். தெரிந்தேதான் எழுதினேன். பழக்கம்.

மூன்று நாளில் ஒப்புகை, ஒரு மாதத்தில் பதில் என்பது அரசாணை. சித்திரையில் அனுப்பிய மனுவுக்கு வைகாசி முடிந்தும் பதில் இல்லை. ஆக அந்தக் கோடையில் ஊரில் இரண்டு மனுக்கள் நிலுவையில் இருந்தன. அய்யனாரும் பேசவில்லை, மாவட்ட அலுவலகமும் பேசவில்லை. அலுவலகத்தின் மௌனத்துக்குக் காரணம் கண்டுபிடிக்க முடியாது. அய்யனார் விஷயத்தில் மருந்து வாசனையே காரணம் சொல்லியது.

பொறுக்க முடியாமல் ஊராட்சிச் செயலரிடம் போய், சட்டப்படி அமைக்க வேண்டிய பல்லுயிர்க் குழு இந்த ஊரில் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்பார், பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்துப் போனேன்.

"இருக்குங்கய்யா. நம்ம நாகப்பன் அண்ணன்கூட அதுல இருக்காங்க. அவங்கதான் இப்பப் பொறுப்பு."

அன்றைக்கு நாகப்பனிடம் கேட்டேன். அவனுக்கு நிஜமாகவே தெரியாது. ஏதோ கிராமசபையில் கையெழுத்துப் போட்டது ஞாபகம் இருப்பதாகச் சொன்னான்.

கொண்டுவந்த சாட்சி

வைகாசி முடிந்து ஆனி பிறந்தது. ஒவ்வொரு வெள்ளியும் ஊர் வந்து உட்கார்ந்து, கொசுக்கடி பட்டு, எழுந்து போயிற்று. விடுப்பில் வந்திருந்த செந்தில் திரும்ப வேண்டிய நாள் நெருங்கியது. ஆனி தாண்டினால், மண் வனையும் வேளார் வீடுகளில் குதிரை செய்து, காயவைத்து, சுட, அவன் கிளம்புவதற்குள் நாள் போதாது. நாகப்பனுக்குத் தாடி வளர்ந்துவிட்டது. வாய் குறைந்துவிட்டது. நேர்ந்த குதிரையைக் கொடுக்காமல் பையனை மறுபடி சாரத்தில் ஏற்றி அனுப்ப அவனுக்குப் பயம். அதைப் பார்த்தபோது எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. அவன் பல்லிக்காக வேண்டிக்கொண்டிருந்தான். நான் அதே வரிசையில் உட்கார்ந்து அது பேசாதிருக்க வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளி, யாரோ ஒருவன் கைபேசியில் பல்லிச் சத்தம் வைத்திருப்பதாக மெதுவாகச் சொன்னான். பூசாரி மாரிமுத்து வேளார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சாமிக்குக் காது நல்லாக் கேக்கும் தம்பி. உள்ள வையி."

அடுத்த வெள்ளி நாகப்பன் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தான். மூடியில் ஓட்டை போட்டிருந்தது. உள்ளே அவன் வீட்டுச் சமையலறைப் பல்லிகள். மண்டபத்துச் சுவரில் திறந்துவிட்டான். எண்ணெய் வர்ணத்தில் இரண்டடி ஏறின, நின்றன, ஏதோ முகர்ந்தது போல இருந்தது. பிறகு வாசல் வழியாக, ஒன்றன் பின் ஒன்றாக, வெட்டாத பக்கத்தை நோக்கிப் போய்விட்டன.

"கூட்டியாந்த சாட்சி செல்லாதுங்க," என்றார் வேளார். "அதுவும் சாட்சியே வெளிநடப்பு செஞ்சிருச்சு."

சிரிப்பு எழுந்தது. நாகப்பன் சிரிக்கவில்லை. வேளார் குரலைத் தணித்துக்கொண்டு, இங்கே இனி கேட்டுப் பயனில்லை, அங்கிட்டுக் காட்டுக்குள் உலக்கைப்பாலை அடியில் போய்க் கேட்கலாம், அதுதான் பழைய இடம் என்றார். இத்தனை செலவில் மண்டபம் கட்டியது எதற்கு என்று நாகப்பன் மறுத்துவிட்டான்.

வரைவு அ, வரைவு ஆ

கடைசி வெள்ளிக்கு முதல் நாள் நாகப்பன் என் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பழுப்பு உறை.

"மதினி, கொஞ்சம் தண்ணி குடுங்க. அண்ணே, ஒங்க மனு எனக்கு வந்திருக்கு."

மாவட்டத்திலிருந்து ஒன்றியத்துக்கு, ஒன்றியத்திலிருந்து ஊராட்சிக்கு, ஊராட்சியிலிருந்து பல்லுயிர்க் குழுவுக்கு. 'உரிய நடவடிக்கை எடுத்து மனுதாரருக்குப் பதில் அளிக்கவும்.' நாகப்பன் மேல் நான் கொடுத்த மனுவை, நாகப்பனிடமே அனுப்பி, எனக்குப் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். நான் குற்றம் சொல்லமாட்டேன். அந்த நாற்காலியில் இருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். கோப்பு நகர்ந்துவிட்டது அல்லவா.

"என்னை வண்டி வண்டியா எழுதியிருக்கீங்க," என்றான். கோபம் இல்லை. கோபப்படக்கூட அவனிடம் தெம்பில்லை. "போகட்டும். இதுக்கு எப்பிடிப் பதில் எழுதணும்? எனக்குத் தெரியாதுண்ணே. நீங்களே எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். என் மனுவுக்கு நானே பதில். முடிவு தெரியாத கோப்பில் இரண்டு வரைவு வைப்பது எங்கள் வழக்கம். மேலதிகாரி ஒன்றில் கையெழுத்திடுவார். வரைவு அ: மனுதாரரின் கோரிக்கை ஏற்பதற்கில்லை, காடு அகற்றப்படும். வரைவு ஆ: மனுதாரரின் கோரிக்கை ஏற்கப்பட்டது, காடு உள்ளபடியே இருக்கும். இரண்டையும் ஒரே அளவு நன்றாக எழுதினேன். அதில் மட்டும் எனக்கு எப்போதும் கொஞ்சம் கர்வம்.

அவன் இரண்டையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வாசலில் செருப்பை மாட்டும்போது, நாளைக்கு வேளார் சொன்ன இடத்திலேயே கேட்டுவிடலாம், வேறு வழியில்லை என்றான்.

அவன் போனபின் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காட்டுக்குள் போனால் பல்லி கட்டாயம் சொல்லும். மரத்துக்கு நாலு இருக்கின்றன. சொன்னால் வரைவு அ. உயிர் மிச்சமிருக்கிற இடத்துக்குப் போய், அந்த உயிரின் வாயாலேயே உத்தரவு வாங்கப் போகிறார்கள். முறைப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது.

பாலை மரத்தடி

மைதானத்தைக் கடந்து, வெட்டாத பக்கத்தின் விளிம்பில் எல்லாரும் செருப்பைக் கழற்றினோம். காட்டுக்குள் செருப்பு கூடாது. உள்ளே நுழைந்ததும் வெக்கை பின்னால் நின்றுவிட்டது. காலடியில் சருகு. பாலைப்பழம் அழுகிய இனிப்பு வாசனை. செந்தில் ஒரு காலை லேசாக இழுத்தபடி அப்பனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

வேளார் மரத்தடியில் விளக்கு வைத்தார். எழுந்து நின்று கைகூப்பி, பழைய கோரிக்கையையே தொடங்கினார். "அய்யனே, மீதிக் காட்டைச் சுத்தம் பண்ணி..."

"வேளாரே, நிறுத்துங்க."

நாகப்பன்தான். அவன் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணாந்து பார்த்தேன். பட்டையின் பிளவில், பட்டையின் நிறத்திலேயே ஒரு பல்லி, தலை கீழாக. சொல்லவில்லை. எங்களைப் பார்த்தபடி இருந்தது.

"அது குடியிருக்கிற மரத்தை வெட்ட அதுகிட்டயே எப்பிடிங்க கேக்கறது?" என்றான். "அசிங்கமா இருக்கு."

பெட்டியோடு வெயிலில் நின்ற கதையை அவன் வாயால் கேட்காதவர் எங்கள் ஊரில் இல்லை. அன்று அவன் அதைச் சொல்லவில்லை.

"காடு இருக்கிறபடி இருக்கட்டும். புரவி மட்டும் எடுக்கலாமான்னு கேளுங்க."

வேளார் அப்படியே கேட்டார். என் கணக்கில் அது இப்போதுதான் ஒழுங்கான மனு, ஒரே கோரிக்கை. எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம். கண்மாய்ப் பக்கம் ஒரு தவளை. எங்கோ ஒரு மோட்டார். திரி பாதிக்கு மேல் எரிந்துவிட்டது. நாகப்பன் செந்திலின் முழங்காலில் கை வைத்திருந்தான். இத்தனை வெள்ளிகளில் முதன்முறையாக நானும் அவனும் ஒன்றையே வேண்டிக்கொண்டிருந்தோம்.

பிறகு அது சொல்லியது. அந்தப் பல்லிகூட இல்லை. உள்ளே, இன்னும் இருட்டான பக்கத்திலிருந்து வேறொன்று. நாகப்பன் தலையைக் குனிந்துகொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

இதை வெற்றி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பாதிக் காடு போனது போனதுதான். அந்த இடத்தில் இப்போது வண்டிகள் நிறுத்துகிறார்கள். மண்டபத்தில் மருந்து அடிப்பதை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள். என் தேனீயும் கண்மாய்க் கரையும் புயலும் யாரையும் அசைக்கவில்லை. சட்டம் உறையில் சுற்றிவிட்டு வந்தது. ஒரு மனுஷனுக்கு ஒரு நேரம் கூச்சம் வந்தது, அதனால் மீதி நிற்கிறது. அடுத்த கமிட்டித் தலைவருக்கும் கூச்சம் வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

ரோட்டுக்கு வந்ததும் நாகப்பன் தன் வண்டியின் இருக்கையில் காகிதத்தை வைத்து, கைபேசி வெளிச்சத்தில் ஒன்றுக்கு இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, வரைவு ஆ-வில் கையெழுத்துப் போட்டான். மற்றதைக் கிழித்துப் போட இடம் தேடினான். காட்டோரம் குப்பை போடக்கூடாது. மடித்து மறுபடி சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டான்.

"இந்தாங்கண்ணே ஒங்க பதிலு. தேதி போட்டுக்கங்க."

வீட்டுக்கு வந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வழக்கப்படி மேல் மூலையில் குறித்தேன். பதில் பெறப்பட்ட நாள்: ஆனி மாதம், கடைசி வெள்ளிக்கிழமை.